கைமாற்றமும் முன்கணிப்பும் – கைப்பேசி வலையமைப்பு குறித்த ஓர் அறிமுக ஆய்வு

முன்னுரை

அறிவியல் செய்திகளைத் தமிழில் எடுத்துரைப்பது தமிழ்த்துறைக்குப் புறம்பான பணி என்று கருதுவாரும் உளர். ஆயினும், ஒரு மொழி தன் காலத்துக் கருவிகளைத் தன் சொற்களால் விளக்க இயலாது நிற்குமாயின், அக்கருவிகளைக் குறித்து அம்மொழி பேசுவோர் வினா எழுப்பவும் இயலாது போய்விடும். கைப்பேசி இன்று ஏறத்தாழ எல்லார் கையிலும் உள்ளது. ஓடும் பேருந்தில் அமர்ந்து பேசும் ஒருவருடைய பேச்சு ஊர்விட்டு ஊர் கடந்தும் அறுபடாமல் தொடர்கிறது. அஃது எங்ஙனம் நிகழ்கிறது என்று நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பேசுபவர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லுந்தோறும் அவருடைய இணைப்பை ஒரு கோபுரம் மற்றொரு கோபுரத்திடம் ஒப்படைக்கிறது. இதனைக் 'கைமாற்றம்' என்று இக்கட்டுரை குறிக்கின்றது. கோபுரங்கள் நெருங்கி நிற்கும் இடங்களில், கருவி அடுத்து எங்குச் செல்லும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொண்டால்தான் இவ்வொப்படைப்புச் செம்மையாக நிகழும். அவ்வாறாயின் இரண்டு வினாக்கள் எழுகின்றன. கருவியின் நடத்தையை முன்னறிவது எவ்வாறு? அதற்காக நம்மைப் பற்றி எவ்வளவு அறிந்தால் போதும்? முதல் வினா பொறியாளருக்குரியது. இரண்டாவது நம் அனைவருக்கும் உரியது. இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணறையின் தோற்றம்

தொடக்கக் காலத்தில் நகர் ஒன்றுக்கு உயர்ந்த கோபுரம் ஒன்றே இருந்தது. அதனிடம் இருந்த அலைவரிசைகளோ மிகச் சில. அவை நிரம்பிவிட்டால் அடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரிங் என்பார் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வை எழுதி வைத்தார். நிலப்பரப்பைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்த ஆற்றலுடைய நிலையம் ஒன்றை அமைத்தால், ஒரே அலைவரிசையைச் சற்றுத் தொலைவிலுள்ள மற்றொரு பகுதியிலும் பயன்படுத்தலாம் என்பதே அத்தீர்வாகும். அறுகோணங்களாக வரையப்பட்ட அப்பகுதிகள் தேனடையின் கண்ணறைகளை ஒத்திருந்தன. 'செல்' என்று வழங்கும் அதனைக் 'கண்ணறை' என்று சொல்வது பொருத்தமாகும்.

கண்ணறை பிறந்தபோதே எல்லையும் பிறந்துவிட்டது. எல்லையைக் கடப்பவரின் பேச்சை அறுக்காமல் மாற்றுவதற்குரிய இணைப்பு முறைக்குப் பெல் ஆய்வகத்தின் அமோஸ் ஜோயல் 1972-இல் காப்புரிமை பெற்றார். 1978-இல் சிகாகோவில் 10 கண்ணறைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தப்பட்டது. 1979-இல் டோக்கியோவிலும், 1983 அக்டோபர் 13 அன்று சிகாகோவிலும் வணிக முறையிலான சேவை தொடங்கிற்று.

அளந்து மாற்றும் முறை

முதல் தலைமுறையில் கருவியின் அலைவலிமையைக் கோபுரங்களே அளந்தன. 1991-இல் பின்லாந்தில் தொடங்கிய ஜி.எஸ்.எம். முறையில் கைப்பேசியும் இப்பணியில் பங்கேற்றது. பேச்சு நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே அண்டைக் கோபுரங்களின் அலைவலிமையை அளந்து, வலிமை மிக்க 6 கோபுரங்களின் அளவுகளை 480 மில்லி விநாடிக்கு ஒருமுறை அது தெரிவித்துவந்தது. மாற்றுவதா வேண்டாவா என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் வலையமைப்பிடமே இருந்தது.

எல்.டி.இ. எனப்படும் நான்காம் தலைமுறையில் இம்முறை இன்னும் தெளிவான விதியாக அமைந்தது. இப்போதுள்ள கோபுரத்தைவிட அண்டைக் கோபுரத்தின் அலை ஒரு குறித்த அளவு மிகுந்திருத்தல் வேண்டும். அம்மிகுதி ஒரு குறித்த நேரம் நீடித்திருத்தலும் வேண்டும். இவ்விரு நிபந்தனைகளும் நிறைவேறினால் கைப்பேசி அச்செய்தியை அறிவிக்கும். முதலாவதை 'வேறுபாட்டு அளவு' என்றும், இரண்டாவதைக் 'காத்திருப்புக் காலம்' என்றும் கூறலாம். காத்திருப்புக் காலத்தைச் சுழியம் முதல் 5120 மில்லி விநாடி வரை பல படிகளில் அமைத்துக்கொள்ள விதி இடமளிக்கிறது.

இவ்விரு காப்புகளும் ஏன் வேண்டும் என்ற ஐயம் எழலாம். அலைவலிமை ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. சுவர்களிலும் ஊர்திகளிலும் பட்டுத் திரும்பும் அலைகள் தம்முள் கலந்து, ஓரிடத்தில் கூடியும் மற்றோரிடத்தில் குறைந்தும் நிற்கும். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 8.6 சென்டிமீட்டர். ஆகவே, கையைச் சற்று அசைத்தாலும் வலிமை மாறக்கூடும். அந்த நொடிப்பொழுது ஏற்றத்தை நம்பி மாற்றிவிடலாகாது என்பதற்காகவே காத்திருப்புக் காலம் வகுக்கப்பட்டது. ஆனால் காத்திருக்கும்போதும் ஊர்தி நகர்ந்துகொண்டே இருக்கிறது. காத்திருப்பு 320 மில்லி விநாடி எனக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து அதற்குள் 5 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் தொடர்வண்டி ஏறத்தாழ 27 மீட்டர் கடந்துவிடும்.

பிழையின் வகைகள்

கைமாற்றத்தில் நேரும் பிழைகளை நெறிமுறை வகுப்போர் மூன்றாகப் பகுப்பர். முதலாவது, காலம் தாழ்த்திய மாற்றம். பழைய கோபுரத்தின் அலை அற்றுப்போன பின்னரும் புதியதற்கு மாறாதிருத்தல் இதுவாகும். இரண்டாவது, காலத்திற்கு முந்திய மாற்றம். புதிய கோபுரத்தின் அலை நிலைபெறும் முன்னரே அங்குச் சென்று, இணைப்பை இழந்து, பழையதற்கே மீள்வது இதன் இயல்பு. மூன்றாவது, தவறான கண்ணறைக்கு மாற்றுதல். மாறியவுடன் இணைப்பு அறுந்து, வேறொரு மூன்றாம் கண்ணறையில் சென்று ஒட்டிக்கொள்வதைக்கொண்டு இதனை அறியலாம்.

இவற்றோடு 'ஊசலாட்டம்' என்ற குறையும் உண்டு. இரு கண்ணறைகளின் எல்லையில் நிற்கும் கருவி அங்குமிங்கும் மாறிமாறிச் செல்லும். இணைப்பு அறுவதில்லை, ஆயினும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் செய்திப் பரிமாற்றம் வீணாகிறது, மின்கலத்தின் ஆற்றலும் செலவாகிறது.

ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும் என்பதே இங்குள்ள இடர்ப்பாடு. காத்திருப்பைக் குறைத்தால் ஊசலாட்டம் மிகும். கூட்டினால் காலம் தாழ்த்திய மாற்றம் மிகும். நண்பர்களின் உரையாடல் ஒரு நொடி அறுந்தால் பெரிய இழப்பில்லை. நோயாளியை ஏற்றிச் செல்லும் ஊர்தியிலிருந்து மருத்துவரின் அறிவுரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் செவிலியருக்கு அந்த ஒரு நொடி சிறியதன்று.

நெருக்கத்தின் விளைவு

மக்கள் மிகுந்த இடங்களில் கண்ணறைகளைச் சுருக்குவதன்றி வேறு வழியில்லை. ஆரம் பாதியாகக் குறைந்தால் அதே பரப்பை நிரப்ப நான்கு மடங்கு கண்ணறைகள் தேவைப்படும். அவற்றினூடே செல்பவர் கடக்கும் எல்லைகளோ ஏறத்தாழ இரு மடங்காகும். ஆரம் 5 கிலோமீட்டர் உடைய கண்ணறையை நடுவே ஊடறுத்துச் செல்லும் பேருந்துக்கு, 60 கிலோமீட்டர் வேகத்தில் 10 நிமிடம் ஆகும். ஆரம் 100 மீட்டராகச் சுருங்கினால் அதே பேருந்து 12 விநாடியில் வெளியேறிவிடும்.

ஐந்தாம் தலைமுறையின் மிகையதிர்வு அலைகள் மற்றொரு சிக்கலையும் கொண்டுவந்தன. அவற்றின் நீளம் சென்டிமீட்டர் அளவினது. சுவரோ, மனித உடலோ குறுக்கிட்டாலும் அவை தளர்ந்துவிடும். தெருமுனையில் திரும்பிய மாத்திரத்தில் அலையின் ஆற்றல் நூறில் ஒரு பங்காகக் குறைந்துபோதலும் உண்டு. அளந்து, காத்திருந்து, அறிவித்து, ஆணை பெற்று, பின் மாறுதல் என்னும் முறைக்கு இங்கு நேரமில்லை. மேலும், கருவி அனுப்பும் அறிக்கையும் கோபுரம் அனுப்பும் ஆணையும் நலிந்துகொண்டிருக்கும் அதே பழைய இணைப்பின் வழியாகவே செல்ல வேண்டும். மூழ்கும் ஓடத்திலிருந்து கரைக்கு ஆளனுப்பி வேறோடம் கேட்பது போன்ற நிலை இது. ஓடம் நன்றாக மிதக்கும்போதே மற்றோர் ஓடத்திற்கு ஏற்பாடு செய்துகொள்வதே அறிவுடைமை. அதற்கு முன்கணிப்பு இன்றியமையாததாகிறது.

எழுத்தின் வழியே கணிப்பு

'முன் நிகழ்ந்ததைக் கொண்டு அடுத்ததைக் கணித்தல்' என்னும் கணக்கு முறைக்கு இலக்கியத்தோடு நெருங்கிய உறவு உண்டு என்பதைத் தமிழ் மாணவர்கள் அறிதல் வேண்டும். உருசிய நாட்டுக் கணித அறிஞர் ஆந்திரேய் மார்க்கோவ் 1913-இல் புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' என்னும் செய்யுட் புதினத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, உயிர் எது, மெய் எது என்று எண்ணினார். உயிரெழுத்துகள் 8,638, மெய்யெழுத்துகள் 11,362. அஃதாவது, கண்ணை மூடிக்கொண்டு ஓரெழுத்தைத் தொட்டால் அஃது உயிராக இருக்கும் வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 43. ஆனால் அதற்கு முன்னுள்ள எழுத்து எது என்று தெரிந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. உயிரின் பின் உயிர் வரும் வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 13 மட்டுமே. மெய்யின் பின் உயிர் வரும் வாய்ப்பு 66. முன்னுள்ள ஓர் எழுத்தை நினைவிற்கொள்வதனாலேயே அடுத்த எழுத்தைப் பற்றிய அறிவு இத்துணை கூடுகிறது. இவ்வாறு அமையும் தொடரை 'மார்க்கோவ் சங்கிலி' என்பர்.

நமக்கு இக்கருத்து முற்றிலும் புதியதன்று. எம்மெய்யின் பின் எம்மெய் வரும் என்பதைத் தொல்காப்பியத்தின் நூன்மரபு மெய்ம்மயக்கம் என்னும் பொருளில் வகுத்துரைக்கிறது. சொல்லின் இடையே டகர மெய் வந்தால் அதனை அடுத்து அதே டகரமோ, க, ச, ப என்பவற்றுள் ஒன்றோதான் வரும். பட்டு, வெட்கம், மாட்சி, நட்பு என்னும் சொற்களில் இதனைக் காணலாம். தகர மெய் வந்தாலோ அதன்பின் தகரமே வரும். பத்து, முத்து என்பன காண்க. இலக்கணி விதி கூறினார். மார்க்கோவ் எண்ணிக் கணக்கிட்டார். இருவரும் முன்னதைக் கொண்டு பின்னதை அறிந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

கண்ணறைத் தொடர்

எழுத்துக்குப் பதிலாகக் கண்ணறையை வைத்துப் பார்ப்போம். ஒரு நெடுஞ்சாலையில் அ, ஆ, இ என மூன்று கண்ணறைகள் வரிசையாக உள்ளன. நடுவிலுள்ள ஆ-விலிருந்து ஒரு கிளைத்தெரு ஈ என்னும் கண்ணறைக்குப் பிரிகிறது. அ-விலிருந்து ஆ-வுக்கு வந்த 100 கருவிகளில் 80 நேரே இ-க்குச் சென்றன, 15 ஈ-க்குத் திரும்பின, 5 அங்கேயே நின்றன எனக் கொள்வோம். எதிர்த்திசையில் இ-யிலிருந்து ஆ-வுக்கு வந்த 100 கருவிகளிலும் 80 அ-வுக்கும், 15 ஈ-க்கும் சென்றன, 5 நின்றன எனக் கொள்வோம். இவை விளக்கத்திற்காக வைத்துக்கொண்ட எண்களே.

இப்போது ஒரு கருவி ஆ-வில் உள்ளது என்பது மட்டும் நமக்குத் தெரியும். அடுத்து எங்குச் செல்லும்? 200 கருவிகளில் 80 அ-வுக்கும், 80 இ-க்கும், 30 ஈ-க்கும் சென்றுள்ளன, 10 நின்றுள்ளன. எதனைச் சொன்னாலும் 100-க்கு 40-க்கு மேல் சரியாக வாராது. அக்கருவி அ-விலிருந்து வந்தது என்ற ஒரே செய்தியைச் சேர்த்துக்கொண்டால், இ-க்குச் செல்லும் என்று கூறி 100-க்கு 80 சரியாகச் சொல்லலாம். ஒரு படி நினைவு கணிப்பை இரு மடங்காக்கிவிட்டது. இ, ஈ ஆகிய இரண்டையும் ஆயத்தமாக வைத்தால், வெளியேறும் 95 கருவிகளுக்கும் இடம் கிடைத்துவிடும். யார் பேசுகிறார், எங்கு வாழ்கிறார் என்பன இக்கணக்கில் ஓரிடத்தும் வரவில்லை என்பதையும் நினைவில் இருத்துக.

நடத்தையின் கூறுகள்

கருவியின் நடத்தை என்பது செல்லும் திசை மட்டுமன்று. ஒரு கண்ணறையில் அது தங்கும் நேரம், அதன் வேகம், அலைவலிமை ஏறி இறங்கும் போக்கு, பேச்சா படக்காட்சியா என்னும் பயன்பாட்டு வகை ஆகியனவும் அதனுள் அடங்கும். 'எங்கே' என்பதோடு 'எப்போது' என்பதும் தெரிந்தால்தான் மாற்றம் உரிய வேளையில் நிகழும்.

இதன் எளிய வடிவம் எல்.டி.இ. முறையிலேயே உண்டு. ஒரு குறித்த காலத்திற்குள் எத்தனை கண்ணறைகளை மாற்றினோம் என்று கைப்பேசி எண்ணிக்கொள்ளும். எண்ணிக்கையைப் பொறுத்துத் தன் நிலையை இயல்பு, நடுத்தர வேகம், மிகு வேகம் என மூன்றாகப் பகுத்துக்கொள்ளும். வேகம் மிகுந்தால் காத்திருப்புக் காலத்தைப் பாதியாகவோ கால் பங்காகவோ குறைத்துக்கொள்ள இயலும். நல்ல ஏற்பாடுதான், ஆயினும் நெருக்கமான வலையமைப்பில் இது தடுமாறுகிறது. சிறு கண்ணறைகள் செறிந்த கடைத்தெருவில் மெல்ல நடப்பவரும் பல எல்லைகளைக் கடப்பார். எண்ணிக்கையை மட்டும் நம்பினால் அவரையும் ஊர்தியில் விரைபவர் என்று தவறாகக் கொள்ள நேரும். எல்லைகளின் எண்ணிக்கையோடு கண்ணறையின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

மேலும், ஒரு கோபுரம் கருவியை மற்றொரு கோபுரத்திடம் ஒப்படைக்கும்போது, அக்கருவி அண்மையில் தங்கிய கண்ணறைகளின் பட்டியலையும் அவற்றில் தங்கிய நேரத்தையும் உடன் அனுப்ப நெறிமுறை வகை செய்துள்ளது. அப்பட்டியலின் உச்ச அளவு 16. இந்த எண்ணைப் பின்னர் மீண்டும் காண்போம்.

இத்தகைய செய்திகளைப் பொறிக்குப் பயிற்றிக் கணிக்கச் செய்தலைப் 'பொறிக் கற்றல்' என்பர். பன்னாட்டு நெறிமுறைகளை வகுக்கும் 3ஜிபிபி கூட்டமைப்பு தன் 17-ஆம் வெளியீட்டின்போது, செயற்கை அறிவைப் பயன்படுத்தத்தக்க மூன்று பணிகளை எடுத்து ஆய்ந்தது. ஆற்றல் சிக்கனம், சுமைப் பகிர்வு என்பவற்றோடு நகர்வுச் செம்மையும் அவற்றுள் ஒன்றாகும்.

ஆயத்தமும் ஆணையும்

கணிப்பு சரியாக இருந்தால் நன்று. தவறினால் என் செய்வது? கணிப்பை மட்டும் நம்பிக் கருவியை இ-க்கு மாற்றிய பின் அது ஈ-க்குத் திரும்பிவிட்டால், தவறான கண்ணறைக்கு மாற்றிய பிழை நேர்ந்துவிடும். 2020-இல் நிறைவுற்ற 16-ஆம் வெளியீட்டில் இடம்பெற்ற 'நிபந்தனைக் கைமாற்றம்' என்னும் முறை இதற்கு நல்லதொரு விடை தருகிறது.

இம்முறையில், பழைய கோபுரத்தின் அலை நன்றாக இருக்கும்போதே, கருவி செல்லக்கூடிய கண்ணறைகள் சில ஆயத்தம் செய்யப்படுகின்றன. அதிக அளவு 8 கண்ணறைகளை இவ்வாறு வைக்கலாம். அவற்றுக்குரிய ஆணைகளும், அவை எந்நிலையில் செயற்பட வேண்டும் என்னும் நிபந்தனைகளும் கைப்பேசியிடம் முன்னரே கொடுக்கப்பட்டுவிடுகின்றன. பின்னர் எக்கண்ணறையின் அலை நிபந்தனையை நிறைவு செய்கிறதோ, அதற்குக் கைப்பேசி தானே மாறிக்கொள்ளும். நலிந்த இணைப்பின் வழியே ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆயத்தத்திற்கும் விலை உண்டு. ஒவ்வொரு கண்ணறையும் வாராத விருந்தினருக்கும் இடம் ஒதுக்கி வைக்க நேரிடும். எட்டு இடங்களில் ஒதுக்கினால் ஏழு வீண். இங்குத்தான் முன்கணிப்பு தனக்குரிய இடத்தைப் பெறுகிறது. எட்டில் எவ்விரண்டு அல்லது மூன்று போதும் என்பதை அது சுட்டிக்காட்டும். கணிப்பு தவறினால் ஓர் ஒதுக்கீடு வீணாகும். பட்டியலில் இல்லாத கண்ணறைக்குக் கருவி சென்றாலும் அளந்து மாற்றும் பழைய முறை துணை நிற்கும். ஆகவே, ஆயத்தம் செய்வது கணிப்பின் வேலை. ஆணையிடுவது அளவீட்டின் வேலை என்று பகுத்துக்கொள்வதே ஏற்புடையது.

கணிப்பின் எல்லை

மனிதரின் நடமாட்டம் எந்த அளவுக்கு முன்னறியத்தக்கது? சோங், பராபாசி உள்ளிட்ட நால்வர் 2010-இல் 'சயன்ஸ்' இதழில் இதனை ஆராய்ந்து எழுதினர். 50,000 பேரின் மூன்று மாதக் கைப்பேசிப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராய்ந்ததில், முன்னறிதலின் உச்ச எல்லை 93 விழுக்காடு என்று கண்டனர். நெடுந்தொலைவு செல்வோர்க்கும் வீட்டருகே வாழ்வோர்க்கும் இவ்வெல்லையில் பெரிய வேறுபாடு இல்லை என்பது வியப்புக்குரியது.

இவ்வெண்ணைக் கைமாற்றத்திற்கு அப்படியே பொருத்திவிடலாகாது. அவர்கள் கணக்கிட்டது மணிக்கணக்கில் நிகழும் இடமாற்றத்தை. கைமாற்றமோ விநாடிக் கணக்கில் நிகழ்வது. காலை பத்து மணிக்கு ஒருவர் அலுவலகத்தில் இருப்பார் என்று அறிவது வேறு. அடுத்த மூன்று விநாடியில் அவர் தூணுக்கு இப்புறம் வருவாரா அப்புறம் செல்வாரா என்று அறிவது வேறு. மேலும், பழக்கம் மாறும்போது கணிப்பும் மாற வேண்டும். தகரத்தின் பின் தகரமே வரும் என்ற விதி 'பத்மா' என்னும் வடசொல் வந்து வழங்கும்போது தளர்ந்துவிடுகிறதன்றோ? அதுபோலவே, சாலை ஒன்று அடைக்கப்பட்டாலும், திருவிழாக் கூட்டம் திரண்டாலும் நேற்றைய கணக்கு இன்று பொருந்தாது. பழைய எண்களை மெல்ல மறந்து புதியவற்றை ஏற்கும் முறையே நிலைத்து நிற்கும்.

நினைவின் அளவு

கணிப்பு வேண்டுமெனில் பதிவு வேண்டும். பதிவு நீண்டால் அது வாழ்க்கை வரலாறு ஆகிவிடும். இந்த அச்சம் கற்பனையன்று. 2013-இல் தெ மோன்ட்ஜாய் முதலியோர் 15 இலட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசிப் பதிவுகளை ஆராய்ந்தனர். பெயரும் எண்ணும் நீக்கப்பட்ட அப்பதிவுகளில், ஒருவர் எந்நேரத்தில் எக்கோபுரத்தருகே இருந்தார் என்னும் செய்திகள் நான்கு கிடைத்தால் போதும். 95 விழுக்காட்டினரை மற்றவரிடமிருந்து தனியே பிரித்தறிய முடிந்தது. பெயரை நீக்கிவிட்டோம் என்பது போதிய காப்பாகாது என்பது இதனால் தெளிவாகிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 ஜூன் 22 அன்று கார்ப்பென்டர் வழக்கில் அளித்த தீர்ப்பு இங்கு நினையத்தக்கது. அவ்வழக்கில் ஒருவருடைய 127 நாள் கோபுரப் பதிவுகள் நீதிமன்றப் பிடியாணை இன்றிப் பெறப்பட்டிருந்தன. அவற்றில் இருந்த இடக்குறிப்புகள் 12,898. அஃதாவது நாளொன்றுக்குச் சராசரி 101. இத்தகைய நீண்ட பதிவைப் பெறப் பிடியாணை வேண்டும் என்று நீதிபதிகள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்ற அத்தீர்ப்பு கூறிற்று. நம் நாட்டிலும் 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இப்போது முன்னர்க் கண்ட எண்ணை நினைவுகூர்வோம். ஒருபுறம் ஒரு மனிதரின் 12,898 குறிப்புகள்; மறுபுறம் கைமாற்றத்தின்போது உடன் செல்லும் பட்டியலின் உச்ச அளவு 16. நாம் கண்ட எடுத்துக்காட்டில் ஒரே ஒரு படி நினைவு கணிப்பை இரு மடங்காக்கியது. வந்த வழி, தங்கிய நேரம், இப்போதைய வேகம் ஆகிய அண்மைச் செய்திகளே அடுத்த சில விநாடிகளைப் பற்றி மிகுதியும் பேசுகின்றன. போன மாதம் அவர் யார் வீட்டிற்குச் சென்றார் என்பது இந்தத் தெருமுனைத் திருப்பத்திற்குப் பெரிதும் உதவுவதில்லை. இத்தெருவில் வருவோருள் எத்தனை பேர் திரும்புவர் என்பது தெருவின் வழக்கம். ஒருவர் நாள்தோறும் எங்குச் செல்கிறார் என்பது அவருடைய வாழ்க்கை. முன்னதைக் கோபுரம் அறிந்திருக்கலாம்; பின்னதை அறிய வேண்டுவதில்லை.

தனிமனிதரின் பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் கணிப்பு இன்னும் கூர்மையாகும் என்று வாதிடுவோர் உண்டு. அக்கூற்றில் உண்மையும் உண்டு. நாள்தோறும் ஒரே வேளையில் ஒரே கிளைத்தெருவில் திரும்புபவரைத் தெருவின் பொதுக்கணக்கு அறியாது. அதற்கும் ஒரு வழி உள்ளது. 2017-இல் கூகுள் நிறுவனம் தன் தட்டச்சுப் பலகையில், பயனர் எழுதியவற்றைக் கருவியைவிட்டு வெளியே அனுப்பாமல், கருவிக்குள்ளேயே கற்று, கற்றதன் சாரத்தை மட்டும் அனுப்பிச் சேர்க்கும் முறையைச் சோதித்தது. அடுத்த சொல்லைக் கணிக்கப் பயன்படும் முறை அடுத்த கண்ணறையைக் கணிக்கவும் பயன்படத்தக்கதே. அதன்படி, தன் உரிமையாளரின் பழக்கத்தைக் கைப்பேசி தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். 'இவ்விரு கண்ணறைகளை ஆயத்தம் செய்க' என்ற முடிவை மட்டும் கோபுரத்திற்குச் சொல்லும். சாரத்திலிருந்தும் மூலத்தை ஊகிக்க முயல்வோர் இருப்பராதலின், அதற்கும் காவல் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு: கண்ணறைகள் சுருங்கச் சுருங்க, அளந்து காத்திருந்து மாற்றும் முறைக்கு நேரம் போதாமற் போகிறது. எனவே கருவியின் நடத்தையை முன்கூட்டியே அறிவது தேவையாகிறது. அவ்வறிவைக் கொண்டு ஆயத்தம் செய்து, இறுதி மாற்றத்தை அளவீட்டின்படி நிகழ்த்தினால், கணிப்பு தவறினாலும் பேச்சு தவறாது. அதற்குக் குறுகிய நினைவே பெரும்பாலும் போதும். நீண்ட நினைவு தேவைப்படின் அது கருவிக்குரியவரின் கையிலேயே இருத்தல் நன்று.

எவ்வளவு சேர்க்கலாம் என்பதையே இதுவரை கேட்டுவந்த தொழில்நுட்பத்திடம், எவ்வளவு போதும் என்று கேட்கும் கடமை பயனர்க்கு உண்டு. அக்கேள்வியைக் கேட்கச் சொற்கள் வேண்டும். கண்ணறை, கைமாற்றம், காத்திருப்புக் காலம், ஊசலாட்டம் எனத் தமிழில் பேசத் தொடங்கினால் கேள்விகளும் தமிழில் எழும். மார்க்கோவ் இருபதாயிரம் எழுத்துகளைப் பொறுமையாக எண்ணினார். நம் மாணவர்களும் தமிழ்ச் செய்யுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, எவ்வெழுத்தின் பின் எவ்வெழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். நூன்மரபு கூறும் விதிக்கும் தாம் எண்ணிய கணக்கிற்கும் உள்ள உறவை அவர்களே காண்பர். கையிலுள்ள கைப்பேசி தன்னை எவ்வாறு எண்ணுகிறது என்பதும் அப்போது அவர்களுக்கு விளங்கும்.